சீட்டு எத்தனை, ஆள் எத்தனை

தேர்வு மேசை – 11

ஞாயிற்றுக்கிழமை வகுப்பு எங்கள் ஊர் நூலகத்தின் பின்கட்டில் நடக்கிறது. பெஞ்சு நான்கு, பலகை ஒன்று. பத்துப் பதினைந்து பேர் வருவார்கள். பெரும்பாலும் குரூப் 4 எழுதுகிறவர்கள், இரண்டு பேர் வங்கித் தேர்வுக்குப் படிக்கிறவர்கள். போன வாரம் பலகையில் எழுதிப்போட்ட கணக்கு இது.

ஒரு தேர்வில் 30 விழுக்காட்டினர் தமிழில் தோல்வி. 40 விழுக்காட்டினர் கணிதத்தில் தோல்வி. 15 விழுக்காட்டினர் இரண்டிலும் தோல்வி. இரண்டிலும் தேர்ச்சி பெற்றவர்கள் 270 பேர் என்றால் தேர்வு எழுதியவர்கள் எத்தனை பேர்?

முதலில் கை தூக்கியவள் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்க்கும் பெண். வாரத்தில் ஆறு நாள் புடவைப் பிரிவில் நின்றுவிட்டு, ஏழாவது நாள் இங்கே வந்து உட்காருகிறவள். "ஆயிரத்தி எண்ணூறு சார்" என்றாள். எப்படி என்று கேட்டேன். "தமிழ்ல போனவங்க முப்பது, கணக்குல போனவங்க நாப்பது, ரெண்டுலயும் போனவங்க பதினஞ்சு. கூட்டினா எண்பத்தஞ்சு. மிச்சம் பதினஞ்சுதானே சார் பாஸு? பதினஞ்சு பர்சன்ட் இருநூத்தி எழுபதுன்னா நூறு பர்சன்ட் ஆயிரத்தி எண்ணூறு."

வகுத்ததும் பெருக்கியதும் மனக்கணக்காகவே. ஒரு பிசகும் இல்லை. விடைதான் தப்பு.

இந்த இடத்தில் சூத்திரத்தைச் சொல்லிக் கணக்கை முடித்துவிடுவது வாத்தியார்களின் வழக்கம். நானும் இரண்டு வருடம் அதைத்தான் செய்தேன். இரண்டு கணங்களின் சேர்ப்பு சமம், முதலாவது கூட்டல் இரண்டாவது கழித்தல் வெட்டு. பிள்ளைகள் எழுதிக்கொள்வார்கள், அடுத்த வாரம் அதே தப்பைச் செய்வார்கள். அவர்கள் எங்கே தடுக்குகிறார்கள் என்று நான் அப்போதெல்லாம் யோசித்ததே இல்லை. இந்தப் பெண் தடுக்கியது கணக்கில் அல்ல, பேச்சில். வீட்டில் ஒரு பையன் வந்து "நான் தமிழ்ல ஃபெயில்" என்றால் கணக்கில் பாஸ் என்றுதான் அம்மா எடுத்துக்கொள்வாள். இரண்டிலும் போயிருந்தால் "ரெண்டுலயும் போச்சு" என்றுதானே சொல்லியிருப்பான்? நாம் பேசும் தமிழில், சொல்லாமல் விட்டது இல்லை என்றே பொருள். தேர்வுத் தமிழ் அப்படியல்ல. அங்கே ‘தமிழில் தோல்வி 30’ என்றால், இரண்டிலும் தோற்ற அந்தப் 15 விழுக்காட்டினரும் அதற்குள்ளேயே உட்கார்ந்திருக்கிறார்கள். ‘கணிதத்தில் தோல்வி 40’க்குள்ளும் அதே 15 விழுக்காட்டினர் இருக்கிறார்கள். அவள் அவர்களை மூன்று தடவை எண்ணிவிட்டாள்.

"உங்க கடையில ஒரே ஆள் புடவையும் எடுத்து ரெடிமேடும் எடுத்தா எத்தனை சீட்டு போடுவீங்கம்மா?"

"ரெண்டு சார். செக்‌ஷனுக்கு ஒரு சீட்டு."

"கேஷ் கவுண்டர்ல?"

"அங்க ஆள் ஒண்ணுதான்."

"புடவையில நாப்பது சீட்டு, ரெடிமேட்ல முப்பத்தஞ்சு சீட்டு. கேஷுக்கு வந்த ஆள் அறுபது. ரெண்டும் எடுத்தவங்க எத்தனை பேர்?"

நான் கேட்டு முடிக்கும் முன்பே "பதினஞ்சு" என்றாள். 75 சீட்டு, 60 ஆள், கூடுதலாகக் கிடக்கும் 15 சீட்டும் இரண்டு சீட்டுக்காரர்களுடையவை. இதைச் சொல்ல அவளுக்குக் கணமும் வேண்டியிருக்கவில்லை, வெட்டும் வேண்டியிருக்கவில்லை. பலகைக் கணக்கை அவளே திரும்பிப் பார்த்தாள். "அப்போ தோத்தவங்களோட சீட்டு எழுபது, ஆள் அம்பத்தஞ்சு. பாஸு நாப்பத்தஞ்சு. அறுநூறு சார்."

அறுநூறுதான்.

அன்றிலிருந்து எங்கள் வகுப்பில் இந்த வகைக் கணக்குக்குச் ‘சீட்டுக் கணக்கு’ என்றே பெயர். ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடக்கும் கூட்டங்களை எண்ணும்போது முதலில் கேட்க வேண்டிய கேள்வி இதுதான்: இந்த எண் சீட்டா, ஆளா?

இரண்டே கூட்டம் என்றால் நான் வட்டம் போடச் சொல்வதில்லை. நாலு கட்டம் போதும். மேலே ‘கணிதம் தேர்ச்சி’, ‘கணிதம் தோல்வி’. பக்கவாட்டில் ‘தமிழ் தேர்ச்சி’, ‘தமிழ் தோல்வி’. கடைசிக் கட்டத்தில், அதாவது இரண்டு தோல்வியும் சந்திக்கும் இடத்தில், 15. தமிழ் தோல்வி வரிசை மொத்தம் 30, ஆக அதன் பக்கத்துக் கட்டம் 15. கணிதத் தோல்விப் பத்தி மொத்தம் 40, ஆக அதன் மேல் கட்டம் 25. மிஞ்சிய முதல் கட்டம் 45. கழித்தல் மட்டும்தான் வேலை. குரூப் 4-இல் 200 கேள்விக்கு மூன்று மணி நேரம், ஒரு கேள்விக்கு 54 விநாடி. இந்த நாலு கட்டம் அதற்குள் அடங்கும். வட்டம் போட்டால், வட்டத்துக்கு வெளியே நிற்பவர்களை மறந்துவிடுகிறார்கள். கட்டத்தில் அவர்களுக்கும் ஒரு அறை இருக்கிறது, அது காலியாகக் கிடந்தால் கண்ணை உறுத்தும்.

இனி இந்த வாரம் நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம்.

குரூப் 4 வினாத்தாளில் 100 கேள்வி தமிழ், 75 பொது அறிவு, 25 திறனறிவும் மனக்கணக்கும். பிள்ளைகள் இவற்றைத் தனித்தனி நோட்டில் படிக்கிறார்கள். தமிழ் நோட்டில் எண்ணும்மை, முற்றும்மை, எச்சவும்மை என்று உருப்போடுகிறார்கள். கணக்கு நோட்டில் சூத்திரத்தை உருப்போடுகிறார்கள். இரண்டும் ஒரே விஷயத்தைப் பேசுகின்றன என்று அவர்களிடம் யாரும் சொல்லவில்லை. தமிழக அரசின் ஒன்பதாம் வகுப்புக் கணிதப் புத்தகத்தைத் திறந்தால் முதல் இயலின் பெயரே ‘கண மொழி’. மொழி என்றே எழுதியிருக்கிறார்கள்.

‘டீயும் காபியும் குடிப்பவர்’ என்பதில் இருப்பது எண்ணும்மை. அது வெட்டு. ‘டீயையோ காபியையோ குடிப்பவர்’, ‘ஏதேனும் ஒன்றையாவது குடிப்பவர்’ என்றால் அது சேர்ப்பு. இதில் இரண்டையும் குடிப்பவரும் அடக்கம், ‘ஆவது’ என்ற சொல் அவரை வெளியே தள்ளாது. ‘ஒன்றை மட்டும் குடிப்பவர்’ என்று வந்தால்தான் அவர் வெளியே போகிறார். பிரிநிலை ஏகாரம் என்று படித்திருப்பீர்களே, பலருள் ஒருவரைத் தனியே பிரித்துக் காட்டுவது, அந்த வேலையை இன்றைய வினாத்தாளில் ‘மட்டும்’ செய்கிறது. இந்த இடைச்சொற்களுக்கு அடியில் கோடு போட்டுவிட்டுக் கணக்கைத் தொடங்கு என்று நான் சொல்வது இதனால்தான். எண்களை யாரும் தவறவிடுவதில்லை. இடைச்சொல்லைத்தான் தவறவிடுகிறார்கள்.

உம்மைக்கு எட்டுப் பொருள் சொல்கிறது தொல்காப்பியம். நன்னூலும் எட்டுத்தான் சொல்கிறது. அதோடு நிற்காமல் இரண்டு நூல்களும் இன்னொரு நுட்பத்தையும் காட்டுகின்றன. முற்றும்மை சில இடங்களில் எச்சப் பொருளும் தரும் என்கின்றன. எதிர்மறையோடு சேரும்போது இது நடக்கிறது. ஒருவரிடம் பத்துப் பொருள் இருக்கிறது. பத்தையும் கொடுக்காதே என்று சொன்னால், ஒன்றுமே கொடுக்காதே என்று பொருளா, சிலவற்றை மட்டும் கொடு என்று பொருளா? இரண்டாவது பொருளும் அதில் இருக்கிறது என்று உரையாசிரியர்கள் விளக்கியிருக்கிறார்கள். ‘எல்லாரும் வரவில்லை’ என்று இன்று நாம் சொன்னாலும் இதே சிக்கல்தான். ஒருவரும் வரவில்லையா, சிலர் வரவில்லையா?

இப்போது பலகைக் கணக்குக்கு வாருங்கள். ‘இரண்டிலும் தேறாதவர் எத்தனை விழுக்காடு?’ என்று கேட்டால் என்ன சொல்வீர்கள்? ஒன்றிலும் தேறாதவர் என்று எடுத்தால் 15. ‘இரண்டிலும் தேறியவர்’ அல்லாதவர் எல்லாரும் என்று எடுத்தால் 55. நாலு கட்டத்தில் முதல் வாசிப்புக்கு ஒரு கட்டம், இரண்டாவதற்கு மூன்று கட்டம். வினாத்தாளில் பெரும்பாலும் முதல் பொருளில்தான் கேட்பார்கள். ஆனாலும் ஆங்கில வடிவம் பக்கத்தில் இருந்தால் அதையும் ஒரு முறை பார்த்துவிடுவது நல்லது. கேள்வி எழுதுகிறவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு: ‘ஒன்றிலும் தேறாதவர்’ என்று எழுதுங்கள். அதில் குழப்பம் வர வழியே இல்லை. வருடக்கணக்கில் படித்துவிட்டு வருகிற பிள்ளை ஒரு உம்மையில் விழக்கூடாது.

இந்த ‘இல்லை’ எங்கே போய் ஒட்டுகிறது என்பதற்குக் கணிதத்திலும் விதி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்பில் படித்தது, டி மார்கன் விதிகள். சேர்ப்பின் நிரப்பி, நிரப்பிகளின் வெட்டு. வெட்டின் நிரப்பி, நிரப்பிகளின் சேர்ப்பு. வாய்பாடாகச் சொன்னால் காதில் ஏறாது. ‘ஒன்றிலாவது தேறியவர்’ என்பதற்கு மறுதலை ‘இரண்டிலும் தோற்றவர்’. ‘இரண்டிலும் தேறியவர்’ என்பதற்கு மறுதலை ‘ஒன்றிலாவது தோற்றவர்’. அவ்வளவுதான் விதி. ‘உம்’ இருந்த இடத்தில் ‘ஆவது’ வருகிறது, ‘ஆவது’ இருந்த இடத்தில் ‘உம்’ வருகிறது.

விதிக்குச் சொந்தக்காரரான ஆகஸ்டஸ் டி மார்கன் பிறந்தது மதுரையில், 1806-இல். அப்பா கிழக்கிந்தியக் கம்பெனிப் படையில் அதிகாரி. கைக்குழந்தையாக இருக்கும்போதே இங்கிலாந்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள். பிறந்த கொஞ்ச நாளிலேயே ஒரு கண்ணின் பார்வை போயிற்று. பின்னாளில் லண்டனில் பேராசிரியராகி, 1865-இல் லண்டன் கணிதக் கழகம் தொடங்கியபோது அதன் முதல் தலைவரானார். தமிழ் அவருக்குத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை, அந்த ஊரில் அவர் இருந்ததே சில மாதங்கள். ஆனாலும் எதிர்மறையோடு சேரும் முற்றும்மையைப் பற்றி இலக்கணக்காரர்கள் பேசிக்கொண்டிருந்த மண்ணில் பிறந்த ஒருவர், அதே முடிச்சைக் கணிதத்தில் அவிழ்த்தார் என்பது வகுப்பில் சொல்லும் ஒவ்வொரு முறையும் எனக்குப் பூரிப்பாக இருக்கிறது. பிள்ளைகள் நிமிர்ந்து உட்காருகிறார்கள். மதுரைக்காரர் என்றதும் விதி மறப்பதில்லை.

மூன்று கூட்டம் வந்தால் வட்டம் வேண்டும். மூன்று வட்டம் ஒன்றையொன்று வெட்டி, ஏழு துண்டாகிறது, வெளியே எட்டாவது. இந்தப் படத்துக்குத் தன் பெயரைக் கொடுத்த ஜான் வென் கேம்பிரிட்ஜில் தருக்கம் கற்பித்தவர். 1880-இல் வெளியிட்ட கட்டுரையில் இந்தப் படத்தை முறைப்படுத்தினார். நாலு கூட்டத்துக்கு வட்டம் உதவாது. வேண்டியது 16 பகுதி, நாலு வட்டம் எப்படிப் போட்டாலும் 14-க்கு மேல் கிடைக்காது. வென் அதற்கு நீள்வட்டங்களைக் கையாண்டார். நம் தேர்வுகளுக்கு அவ்வளவு தூரம் போக வேண்டியதில்லை.

ஒரு மன்றத்தில் 150 பேர். கபடி ஆடுபவர் 70, வாலிபால் 65, கேரம் 60. கபடியும் வாலிபாலும் ஆடுபவர் 25, வாலிபாலும் கேரமும் ஆடுபவர் 20, கபடியும் கேரமும் ஆடுபவர் 22, மூன்றும் ஆடுபவர் 10. ஒன்றும் ஆடாதவர் எத்தனை பேர்?

எல்லாரும் செய்யும் தப்பு, 25-ஐ அப்படியே கபடி வட்டமும் வாலிபால் வட்டமும் சேரும் இலையில் எழுதிவிடுவது. அந்த 25-க்குள் கேரமும் ஆடும் 10 பேர் இருக்கிறார்களே? அவர்கள் நடுத் துண்டில் ஏற்கெனவே உட்கார்ந்துவிட்டார்கள். ஆகவே நடுவிலிருந்து தொடங்க வேண்டும். நடுவில் 10. இலைகளில் 15, 10, 12. சரியாக இரண்டு மட்டும் ஆடுபவர் 37 பேர்.

இனி சீட்டை எண்ணுங்கள். 70, 65, 60, மொத்தம் 195 சீட்டு. இரண்டு ஆட்டக்காரர் ஒவ்வொருவர் கையிலும் ஒரு சீட்டு மிகை. மூன்று ஆட்டக்காரர் கையில் இரண்டு சீட்டு மிகை. 37-ம் 20-ம் சேர்ந்து 57. 195-இல் 57 போக ஆள் 138. ஒன்றும் ஆடாதவர் 12.

இதே கணக்கில் ஒரு சொல் சேர்க்கிறேன். ‘கபடியும் வாலிபாலும் மட்டும் ஆடுபவர் 25’, மற்ற இரண்டிலும் அதேபோல் ‘மட்டும்’. எண் எதுவும் மாறவில்லை. ஆனால் இப்போது 25, 20, 22 மூன்றும் நேராக இலையில் உட்காரும், கழிக்க ஒன்றுமில்லை. இரண்டு ஆட்டக்காரர் 67 பேர், மிகைச் சீட்டு 67-ம் 20-ம் 87. ஆள் 108. ஒன்றும் ஆடாதவர் 42.

பன்னிரண்டா, நாற்பத்திரண்டா என்பதை அந்த ‘மட்டும்’ தீர்மானிக்கிறது. விடைப் பட்டியலில் இரண்டுமே இருக்கும் என்று நம்பலாம். பயிற்சி மையக் குறிப்பேடு ஒன்றைப் பார்த்தேன், இரண்டு சூத்திரத்தையும் அடுத்தடுத்து அச்சிட்டு, எதை எப்போது போடுவது என்று ஒரு வரிகூட எழுதாமல் விட்டிருந்தார்கள். அந்தப் புத்தகத்துக்குக் கைக்காசு கொடுத்த பிள்ளைகளை நினைத்து வருத்தமாக இருந்தது.

‘குறைந்தபட்சம் எத்தனை பேர்’ என்ற வகை கேட் போன்ற மேலாண்மை நுழைவுத் தேர்வுகளுக்குப் படிக்கிறவர்களைத்தான் அதிகம் படுத்துகிறது. இதற்கு லூயிஸ் கரோலை விடச் சிறந்த வாத்தியார் இல்லை. ஆலிஸ் கதை எழுதியவர், ஆக்ஸ்ஃபோர்டில் கணித ஆசிரியர். 1880-இலிருந்து ஒரு மாதப் பத்திரிகையில் கதையும் கணக்கும் கலந்து தொடர் எழுதினார். 1885-இல் அது புத்தகமாயிற்று. அதில் போரில் காயம்பட்ட முதிய வீரர்களைப் பற்றிய ஒரு கணக்கு. 70 விழுக்காட்டினர் ஒரு கண்ணை இழந்தவர்கள், 75 விழுக்காட்டினர் ஒரு காதை, 80 விழுக்காட்டினர் ஒரு கையை, 85 விழுக்காட்டினர் ஒரு காலை. நான்கையும் இழந்தவர்கள் குறைந்தது எத்தனை விழுக்காடு?

வட்டம் போட்டால் பைத்தியம் பிடிக்கும். சீட்டைக் கூட்டுங்கள்: 310. ஆள் நூறு. நான்கையும் இழந்தவர் முடிந்தவரை குறைவாக இருக்க வேண்டும் என்றால், ஒவ்வொருவருக்கும் மூன்று சீட்டு வரை கொடுத்துப் பார்க்கலாம். முந்நூறு தீர்ந்தது. பத்துச் சீட்டு கையில் நிற்கிறது. அதைப் பெற யாராவது பத்துப் பேர் நான்காவது சீட்டை வாங்கித்தான் ஆக வேண்டும். விடை 10.

இதே கரோல், பின்னால் தருக்கத்தை விளையாட்டாகக் கற்பிக்க ஒரு புத்தகம் எழுதியபோது, வட்டத்தை விட்டுவிட்டுச் சதுரத்தை நாலாகப் பிரித்தார். நம் நாலு கட்டம்தான். இரண்டிலும் சேராதவருக்கும் அங்கே ஒரு கட்டம் கொடுத்திருந்தார்.

இந்த ஞாயிறு வகுப்பு முடிந்து எல்லாரும் கிளம்பிய பிறகு அந்தப் பெண் பலகைக்குப் போனாள். "சார், நான் ஒரு கணக்கு போட்டிருக்கேன், அடுத்த வாரம் எல்லாரும் செய்யட்டும்" என்று நோட்டைப் பார்த்து எழுத ஆரம்பித்தாள்.

கடைக்கு வந்தவர்கள் 240 பேர். 65 விழுக்காட்டினர் புடவை வாங்கினார்கள். 45 விழுக்காட்டினர் ரெடிமேட் வாங்கினார்கள். இரண்டையும் வாங்காதவர்கள் 36 பேர். புடவை மட்டும் வாங்கியவர்கள் எத்தனை பேர்?

எழுதி முடித்துப் பின்னால் நகர்ந்து படித்தாள். பிறகு டஸ்டரை எடுத்து ‘இரண்டையும்’ என்பதை மட்டும் அழித்துவிட்டு, அந்த இடத்தில் ‘ஒன்றையும்’ என்று எழுதினாள்.

நீங்களும் போட்டுப் பாருங்கள். விடை அடுத்த இதழில்.